கட்டுச்சாதக் கணக்கு

பிரயாணம் செய்கிறவர்கள் இரண்டு வகைப்படுவார்கள். பசித்த இடத்தில் வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கையை வீசிக்கொண்டு புறப்படுகிறவர்கள் ஒரு வகை. வழியில் பசிக்கக்கூடும் என்ற நினைப்பிலேயே வீட்டில் பாதிப் பசியை அடைந்து, சாப்பாட்டு மூட்டையுடன் கிளம்புகிறவர்கள் மற்றொரு வகை. அடியேன் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன். என் தகப்பனார், அவருடைய தகப்பனார் எல்லோரும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் பரம்பரைச் சொத்து என்று வந்து சேர்ந்தவை ஒரு பித்தளைத் தூக்கும், ரயிலில் ஜன்னலோரத்தில் இடம் பிடிக்கும் வித்தையும்தான்.

விலைவாசி ஏறிக் கிடக்கும் இந்நாளில் நடுத்தரக் குடும்பத்தார் ஊர் பார்க்கப் போவதாவது என்று பல நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஊர் பார்ப்பது என்றால் குளிர்ந்த மலையும் பெரிய ஹோட்டலும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. நாம் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேர ரயில் தூரத்திற்குள் நாம் பார்க்காத அதிசயம் ஏதாவது ஒன்று இருக்கத்தான் இருக்கும். அதைப் பார்க்க வெளிநாட்டார் கடல் தாண்டி வருவார்கள். நாம் மட்டும், "பக்கத்தில்தானே இருக்கிறது, எப்பொழுது வேண்டுமானாலும் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே வயதாகிவிடுவோம்.

எங்கள் வாசம் திருச்சிராப்பள்ளி. கும்பகோணத்திற்கு அருகில் தாராசுரம் என்று ஓர் ஊர் இருப்பதும், அங்கே 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜராஜ சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் இருப்பதும், அதை 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்திருப்பதும் எனக்குப் புத்தகத்தின் மூலம் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு முகூர்த்தம் வைத்தேன். என் தாயார், என் மனைவி, குழந்தைகள் இருவர், நான் ஆக ஐந்து பேர். சிறிய ஸ்டேஷன்களிலும் நின்று நிதானமாகப் போகும் காலை வண்டி. முன்பதிவில்லாத பெட்டி.

முன்பதிவில்லாத பெட்டி என்றதும் முகத்தைச் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1915-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்த மகாத்மா காந்தி, தேசத்தை அறிந்துகொள்வதற்கு மூன்றாம் வகுப்பு வண்டியையே தேர்ந்தெடுத்தார். அங்கே ஜனங்கள் பட்ட அவதியைக் குறித்து 1917-ல் பத்திரிகைகளுக்கு விரிவாக எழுதவும் செய்தார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் ஒழிந்தது. ஆனால் அதன் வாரிசு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டம் உண்டு, நெரிசல் உண்டு. ஆனால் ஹோட்டலில் ஒரு காப்பிக்கும் வடைக்கும் கொடுக்கும் பணத்திற்குள் ஒருவர் தாராசுரம் போய் இறங்கிவிடலாம். அதற்கு மேல், எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார், எந்த ஊர், பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்ற விவரங்களெல்லாம் இலவசம்.

நிற்க. சாப்பாட்டு மூட்டையின் பெருமையை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கட்டுச்சாதத்தின் ராஜா புளியோதரை என்பதில் கருத்து வேற்றுமை இருக்க முடியாது. புளியும் நல்லெண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து அது எளிதில் கெடாமல் காக்கின்றன. கெட்டியாகக் கரைத்த புளியை, கடுகு, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம் தாளித்த நல்லெண்ணெயில் விட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரையில் காய்ச்ச வேண்டும். வெந்தயமும் தனியாவும் எள்ளும் வறுத்துப் பொடித்துத் தூவ வேண்டும். சாதம் உதிர் உதிராக வடித்திருக்க வேண்டும். முக்கியமானது ஒன்று: சாதத்தை அகன்ற தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, நன்றாக ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூடு ஆறாத சாதத்தை அவசரத்தில் சம்புடத்தில் போட்டு மூடினால் உள்ளேயே ஆவி வியர்த்து, மத்தியானத்திற்குள் ஊசிப்போய்விடும்.

தயிர்சாதத்திற்கும் ஒரு சூட்சுமம் உண்டு. அதில் காலையில் தயிரைத் தாராளமாக விட்டால் பகலில் புளித்துப்போகும். சாதத்தைக் குழைத்துப் பாலை விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்து எடுத்துக்கொண்டு போனால், வண்டி ஓட ஓட அதுவும் பதமாகத் தோய்ந்துவிடும். துணைக்கு மாவடு அல்லது நார்த்தங்காய். வாழையிலையை அனலில் லேசாக வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. குழந்தைகளுக்கு இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்டிலி.

இவ்வளவு விஸ்தாரமாக எழுதுகிறேனே தவிர, இந்தக் கலையில் அன்றுவரை என் பங்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று ருசி பார்த்துச் சொன்னது மட்டுமே.

வண்டி புறப்பட்டது. பொன்மலை, திருவெறும்பூர், பூதலூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் சின்னவன் உரக்கப் படித்துக்கொண்டு வந்தான். தஞ்சாவூரைத் தாண்டியதும் நிலத்தின் முகமே மாறிவிட்டது. காவிரியின் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிட்டன. ஒவ்வொரு பாலத்திலும் வண்டியின் சத்தம் மாறும்போது குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். "இது வெண்ணாறு, அது வெட்டாறு" என்று நான் உற்சாகமாகப் பாடம் நடத்தினேன். என் மனைவி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். காற்று சுகமாக வீசுகிறது, அதனால் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாராசுரத்தில் இறங்கிக் கோயிலுக்கு நடந்தே போனோம். குதிரைகள் இழுக்கும் தேரைப்போலச் சக்கரத்துடன் அமைந்த மண்டபத்தைப் பார்த்துச் சின்னவன், "இது எப்பொழுது புறப்படும்?" என்று கேட்டான். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் சிற்பத்தின் முன்னால் என் தாயார் கால் மணி நேரம் நின்றாள். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை. மறு பக்கத்தை மறைத்தால் காளை!

கருவறையின் அடிச்சுவரைச் சுற்றி, நாயன்மார்களின் கதைகளைச் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து, சில இடங்களில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோது குழந்தைகளுக்கு இளையான்குடி மாறநாயனார் கதையைச் சொன்னேன்.

மழை கொட்டும் இரவு. வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அந்த வேளையில் பசியோடு ஒரு சிவனடியார் வந்து நிற்கிறார். என்ன செய்வது என்று நாயனார் திகைக்கும்போது மனைவி வழி சொல்கிறாள்: "பகலில் வயலில் விதைத்த முளை நெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துவிடுவேன்." அவர் இருட்டில் போய்க் கூடையில் வாரி வருகிறார். விறகு இல்லை, வீட்டுக் கூரையின் கழியை வெட்டிக் கொடுக்கிறார். கறிக்குக் குழியிலிருந்த இளங்கீரையைப் பறித்து வருகிறார். ஈர நெல்லை வறுத்துக் குற்றி அவள் அமுது ஆக்குகிறாள். அந்த ஒரு கீரையையே பல விதமாகச் சமைக்கிறாள்.

மூத்தவள் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த அம்மாள் பெயர் என்ன, அப்பா?" என்றாள்.

நான் யோசித்தேன். கதையில் அவளுக்குப் பெயர் சொல்லவில்லை. என் மனைவி சிரித்துக்கொண்டு, "சமைத்தவள் பெயரை யார் எழுதி வைப்பார்கள்? வா, இலை போடலாம்" என்று குழந்தையை அழைத்துக்கொண்டு போனாள். கோயிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தப் புளியோதரையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

அன்று இரவு வீடு திரும்பியதும் வழக்கம்போல் கணக்கு எழுத உட்கார்ந்தேன். ரயில் டிக்கெட், அரிசி, புளி, எண்ணெய், பால், கோயில் வாசலில் வாங்கிய இளநீர், தாயாரின் முழங்காலை உத்தேசித்துத் திரும்பும்போது அமர்த்திய ஆட்டோ எல்லாம் சேர்ந்து, ஐந்து பேருக்கும் அறுநூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. வெற்றிக் களிப்புடன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பாத்திரம் தேய்த்த ஈரக்கையுடன் வந்து நிதானமாகப் படித்தாள்.

"எல்லாம் சரியாக இருக்கிறது. நான் மூன்று மணிக்கு எழுந்தேனே, அதை எந்த வரியில் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"அதற்குச் செலவு ஒன்றும் இல்லையே" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

"வழியில் ஆறுகள் வந்தனவாம். குழந்தைகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சிக்கனம், சிக்கனம் என்று முப்பது நாளும் பிரசங்கம் செய்கிறோம். ஹோட்டலுக்குக் கொடுக்காத பணத்தை மிச்சம் பிடித்ததாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறோம். அந்தப் பணத்தை வேறொருவர் தம் தூக்கத்தினால் கட்டியிருக்கிறார் என்பது கணக்கில் ஏறுவதில்லை. ஐந்து பேர் போன உல்லாசப் பிரயாணத்தில் நான்கு பேர்தான் போயிருக்கிறோம். ஐந்தாமவர் எங்களுக்குப் பரிமாறுவதற்காக வந்திருக்கிறார்.

மறுநாள், "இனிமேல் வெளியூர் போனால் ஹோட்டலிலேயே சாப்பிட்டுவிடலாம்" என்று பெருந்தன்மையுடன் சொன்னேன்.

"ஹோட்டல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டுச்சாதம் எனக்கும் பிடிக்கும். வேறு யாராவது கட்டிக் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் பிடிக்கும்" என்றாள் என் மனைவி.

அடுத்த மாதமே மறுபடியும் புறப்பட ஏற்பாடு செய்தோம். எங்கே போகலாம் என்று அவளையே கேட்டேன். "அதே வண்டி. அதே வழி. ஒரு ஸ்டேஷன் தள்ளிக் கும்பகோணத்தில் இறங்கலாம்" என்றாள்.

புளிக்காய்ச்சல் நாள்பட நிற்கும் வஸ்து என்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அப்பொழுதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாலையே அதை நான் ஆரம்பித்தேன். தாயார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். "ஏண்டா அப்பா, மிளகாயைத் தீயவிடாதே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அது தீய்ந்துவிட்டது. வீடு முழுவதும் கமறல். அடுத்த வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஓடி வந்து, "என்ன ஆபத்து?" என்று விசாரித்தார். இரண்டாவது முறை பதம் வந்தது. சனிக்கிழமை இரவு மூத்தவள் பொடி வறுத்தாள். சின்னவன் இலைகளைத் துடைத்து அடுக்கினான். ஞாயிறு காலையில் சாதம் வடிப்பதுதான் பாக்கி. ஐந்து மணிக்கு எழுந்து அதையும் நானே செய்தேன். தாம்பாளத்தில் கொட்டிய சாதத்திற்குச் சின்னவன் ஒரு பழைய விசிறியால் வீசினான். என் மனைவி ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, நல்ல புடவை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு, "வண்டிக்கு நேரமாகவில்லையா?" என்று எங்களை அதட்டினாள்.

ஜன்னலோரம் அவளுக்குத்தான். தஞ்சாவூர் தாண்டியது. முதல் பாலம் வந்தபோது குழந்தைகள் கூச்சல் போடவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீரும் மணலும் நாணலும் கண்ணிலிருந்து மறையும் வரையில் பார்த்தாள். "இத்தனை அகலமா!" என்றாள்.

பாபநாசத்திற்குச் சற்று முன்னால் மூட்டையை அவிழ்த்தோம். எதிரில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாளுக்கும் ஓர் இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தோம். அவள் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, "யார் அம்மா கலந்தது?" என்று கேட்டாள். "இவர்தான், பாட்டி. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தப்பாக நினைக்காதீர்கள்" என்று சொல்லி என்னைக் காட்டினாள் என் மனைவி. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பல வருஷமாகப் பத்திரிகையில் எழுதியும் கிடைக்காத கீர்த்தி அது.

நேயர்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் எங்காவது போய்வரலாம். பெரிய பணம் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமையே புளியை ஊறப்போட்டுவிடுங்கள். வேலையை வீட்டில் இருப்பவர்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பங்கு போடும்போது, ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு தூக்கையும் தாம்பாளத்தையும் தேய்க்கும் வேலையை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துபோனேன். கும்பகோணத்திலிருந்து திரும்பிய இரவு, மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களைப் பற்றிக் குழந்தைகள் தாயிடம் பேசிக்கொண்டிருக்க, அது என் தலையில் விழுந்தது.