605006 என்று கேட்டுப் பாருங்கள்



கோரிமேட்டிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். கல்லூரி புராஜெக்டுக்கு இலவச ஏபிஐ (நம் நிரல் கேட்டால் தரவு தரும் சேவை) வேண்டுமாம். "எதை நம்பலாம் சார்?" என்கிறார். முதலில் சொந்த ஊரைப் போட்டுப் பாரம்மா என்பேன். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. பின்கோடுகளைப் பாருங்கள்: கோரிமேடு 605006, காரைக்கால் 609602. மாஹேயோ கேரள அஞ்சல் வட்டத்தில் 673310, ஏனாம் ஆந்திர வட்டத்தில் 533464. நான்கும் புதுச்சேரிதான்; அதனால் முதல் இரண்டு இலக்கத்தை வைத்தே மாநிலத்தை ஊகிக்கிற நிரல் நம்மிடம் வசமாக மாட்டிக்கொள்ளும். கோரிமேட்டைத் தாண்டினாலே தமிழ்நாடு என்பது தனிச் சிக்கல்.

வானிலைக்கு ஓப்பன்-மீட்டியோவைச் சொல்வேன். கீ வாங்க வேண்டாம், பதிவும் வேண்டாம். அட்சரேகை 11.95, தீர்க்கரேகை 79.80 என்று கொடுத்தால் ஜேசனில் பதில் வந்துவிடும். வியாபாரத்துக்கு அல்லாமல் பயன்படுத்தினால் நாளொன்றுக்கு 10,000 அழைப்பு வரை இலவசம். ஆனால் அது தருவது கணினி போட்ட கணக்கு, மழைமானியில் அளந்ததல்ல. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் புதுச்சேரியில் கொட்டியதே, அந்த நாளின் பழைய தரவை எடுத்து வானிலைத் துறையின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு நம்பலாம் என்று அப்போது புரியும்.

இடம் தேட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நாமினேட்டிம் இருக்கிறது. நொடிக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம். கறார்ப் பேர்வழி, ஆனால் வரம்பை முதலிலேயே சொல்லிவிடுகிறவர்களோடு வேலை செய்வது சுலபம் என்பது என் கட்சி. 2021-ல் கொரோனா தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினின் ஏபிஐயும் அப்படித்தான் வந்தது: 5 நிமிடத்துக்கு 100 அழைப்பு, பதில் அரை மணி நேரம் பழையதாக இருக்கலாம் என்ற முன்னறிவிப்பு. சென்னையைச் சேர்ந்த பெர்ட்டி தாமஸ் அதை வைத்தே 'அண்டர்45' தளத்தை நடத்தி, தடுப்பூசி இடம் காலியானால் டெலிகிராமில் தகவல் கொடுத்தார்.

ஆனால் எந்தச் சேவையும் நிலையானதல்ல. தன்னார்வலர்களின் கொரோனா தரவுத் தளமான கோவிட்19இந்தியா, 2021 அக்டோபர் 31-ஓடு நின்றுபோனது. நல்ல சேவைதான், அதையே நம்பியிருந்த செயலிகள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. அதனால் ஏபிஐயின் பதிலை ஒரு ஃபைலில் சேமித்து வையுங்கள். வைவா அன்று சர்வர் படுத்தாலும் காட்ட ஏதாவது இருக்கும்.

மாஹே, ஏனாம் வாசகர்களே, உங்கள் பின்கோடுக்கு எந்த ஏபிஐ எந்த மாநிலத்தைச் சொன்னது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்