அட்வான்ஸ் கொடுத்தால் ஆளை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: ‘‘என் தென்னந்தோப்பில் தங்கி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு, மகள் கல்யாணத்துக்காக 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். இப்போது ஆம்பூர் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறோம் என்கிறார்கள். பணம் கழியும்வரை போகக்கூடாது என்று ரேஷன் கார்டை வாங்கி வைத்திருக்கிறேன். இதில் சட்டச் சிக்கல் வருமா?’’

- வாசகர், ஆலங்காயம்.

பதில்: ‘‘வரும். கார்டை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பது குற்றமல்ல. அதைக் காரணம் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதுதான் குற்றம். 1976-ம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி 3 ஆண்டுகள் வரை சிறையும், 2,000 ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம்.

அபராதம் சிறிதுதான், இழப்பு பெரிது. கொத்தடிமைக் கடன் என்று முடிவானால், அந்த 40,000 ரூபாய் கடனே ரத்தாகிவிடும். அதன்பிறகு அதை வாங்கினாலும் குற்றம். ‘இது கொத்தடிமைக் கடன் இல்லை’ என்று நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்தான். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அங்கேயும் வேர், முதலாளி கொடுத்த கடன்தான்.

அவர்களைத் தடுக்காமல் அனுப்புங்கள். கூலி பாக்கி இருந்தால் முழுதாகக் கொடுங்கள். கடனைக் கேட்கும் முன் வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஆலோசனை பெறுங்கள். இலவச உதவி எண் 15100. இனி கடன் கொடுத்தால் வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள். தனியாக புரோநோட்டு எழுதுங்கள். எங்கே வேலை பார்த்தாலும் அவர் திருப்பித் தரலாம். தராவிட்டால் 3 ஆண்டுகளுக்குள் சிவில் நீதிமன்றத்தை நாடலாம். பணத்துக்குப் பத்திரம் வாங்கலாம். ஆளை அடமானம் பிடிக்க முடியாது.’’