ஐஸ் கோழி மீது ஏன் பழி?

2022ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கிறதா? அதுவரை சிங்கப்பூருக்கு வந்த கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மலேசியாவுடையது. பெரும்பாலும் உயிரோடு வந்து, இங்கே அறுக்கப்பட்டு, குளிரூட்டப்பட்டுச் சந்தைக்குப் போகும். அக்டோபரில் மீண்டும் அது வரும்வரை பல வீடுகளில் பிரேசிலின் உறைந்த கோழிதான். "ஐஸ் கோழியில் கிருமிதான் இருக்கும். தேக்காவில் வாங்குவதே நல்ல கோழி" என்ற பேச்சு அப்போது பலமாகக் கேட்டது. இன்றும் கேட்கிறது.

இந்தச் சந்தேகம் தவறான இடத்தில் விழுகிறது என்பதே என் கருத்து. சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் ஆகிய பாக்டீரியாக்கள் கோழியின் குடலில் வாழ்பவை. அறுக்கும்போது இறைச்சியில் ஒட்டிக்கொள்கின்றன. தேக்காவில் வாங்கினாலும் பேரங்காடியில் வாங்கினாலும் பச்சைக் கோழியில் அவை இருக்கலாம். உறையவைத்தால் சால்மொனெல்லா பெருகாது, ஆனால் முழுவதும் சாகாது. கேம்பிலோபேக்டரோ கணிசமாகக் குறைகிறது. அந்த வகையில் ஐஸ் கோழிக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே தரலாம்!

ஆபத்து உருகும்போது தொடங்குகிறது. காலையில் கோழியை எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, வகுப்பெல்லாம் முடிந்து மாலையில் வந்து சமைக்கும் நண்பர்களே, நம் ஊர் வெப்பம் 30 டிகிரி. உள்ளே கல்லாக இருக்கும்போதே கோழியின் மேற்புறம் உருகி, கிருமிகள் பெருகத் தொடங்கிவிடும். உறைந்த கோழியை உருகவைத்து 'இன்று வந்தது' என்று விற்கும் வியாபாரியை மன்னிக்க முடியாததும் இதனால்தான். விலையில் ஏமாற்றுவது ஒருபுறம் இருக்கட்டும், அது எத்தனை மணி நேரம் வெளியில் கிடந்தது என்பதையும் அல்லவா மறைக்கிறார்?

அடுத்துச் சொல்வதற்கு அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள். மஞ்சள் தடவுவதில் குற்றமில்லை. குழாயடியில் மூன்று தண்ணீர் விட்டு அலசுகிறோமே, அதுதான் வம்பு. தெறிக்கும் நீரோடு கிருமியும் தொட்டியிலும் பாத்திரங்களிலும் படிகிறது. குழம்பு கொதிக்கும், உட்பகுதி 75 டிகிரியைத் தொட்டால் கோழியிலுள்ள இந்தக் கிருமிகள் செத்துவிடும். அதே பலகையில் நறுக்கிய வெள்ளரிக்காய் தயிர்ப் பச்சடிக்குப் போகிறதே, அதை யார் கொதிக்கவைக்கிறார்கள்?

2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். அது கோழியால் வந்ததல்ல. பச்சைக் கடலுணவிலிருந்த விப்ரியோ என்ற பாக்டீரியா, உண்ணத் தயாராக இருந்த உணவுக்குத் தாவியதே காரணம் என விசாரணையில் தெரிந்தது. கிருமி வேறு, வழி ஒன்றுதான்.

முதல் நாள் இரவே கோழியைக் கிண்ணத்தில் வைத்து, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் உருகவிடுங்கள். விடுதிச் சமையலறையில் ஒரே பலகைதான் இருக்கிறதென்றால், இறைச்சிக்கென்று இன்னொன்று வாங்கித் தரும்படி விடுதிக் குழுவிடம் இந்தத் தவணையிலேயே கேளுங்கள்.