விளக்கை அணைத்தால் போதுமா?

சீட் பெல்ட் அணியாமல் காரில் செல்வோருக்கு, 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி ரூ.1,000 அபராதம். 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் பெல்ட் அணியாத 16,715 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டுள்ளது. எனவே அபராதம் நியாயமே. ஆனால், அணிந்த பெல்ட் உரிய நேரத்தில் இயங்குமா என்று கேட்பார் யார்?

மோதலின்போது பெல்ட்டை நொடிப்பொழுதில் இழுத்து இறுக்கும் 'பிரிடென்ஷனர்', மின்சாரத்தால் தூண்டப்படும் சிறு வெடிமருந்தால் இயங்குவது. பல கார்களில் அதன் மஞ்சள் நிற மின் இணைப்பு இருக்கைக்கு அடியில் உள்ளது. இருக்கையை நகர்த்துகையில் அது சற்றுத் தளர்ந்தாலும் எச்சரிக்கை விளக்கு எரியும். பேட்டரியைத் துண்டித்து, சில நிமிடங்கள் காத்திருந்து, இணைப்பைச் சீராக்கிப் பிழைப் பதிவை நீக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சாதாரண மீட்டர் வைத்துச் சோதிப்பதோ ஆபத்தானது, வெடித்துவிடக்கூடும்.

சில பட்டறைகளின் வழி வேறு. பிரிடென்ஷனருக்குப் பதிலாக 2 ஓம் மின்தடையைச் செருகி, விளக்கை அணைத்து அனுப்பிவிடுகின்றன. சில ரூபாய் பெறும் அப்பொருள், காரின் கணினியோடு உரிமையாளரையும் சேர்த்தே ஏமாற்றுகிறது.

சொந்தக் கார்களுக்குத் தகுதிச் சோதனை 15 ஆண்டுகள் கழித்தே. இடையில் புகைச் சான்று கேட்கும் அரசு, அப்போதே இவ்விளக்கையும் பார்க்கச் செய்யலாம்: சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். மின்தடை மோசடி இதில் சிக்காது. அதற்கு, செய்த பழுதுபார்ப்பைப் பட்டறைகள் ரசீதில் எழுதித் தருவதைக் கட்டாயமாக்கி, மீறினால் என்ன தண்டனை என்பதையும் அமைச்சகம் அறிவிக்க வேண்டும்.