ஆதார் அட்டை ஊடுருவலைத் தடுக்குமா?



காலை ஏழு மணிக்குப் பாரிவாக்கம் சாலையோரம் நின்று பாருங்கள். கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் பேசியபடி வண்டிக்காகக் காத்திருப்பார்கள். "இவர்களில் வங்கதேசத்திலிருந்து வந்தவர் யார் என்று எப்படித் தெரியும், ஃபாதர்? ஆதாரைப் பார்த்தால் போதாதா?" என்று அண்மையில் பங்குமக்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இதே நம்பிக்கையில்தான் பிரித்தானியப் பிரதமர் கெயர் ஸ்டார்மரும், வேலைக்குச் சேருவோருக்கு டிஜிட்டல் அடையாள அட்டை கட்டாயமாக்கப்படும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார். எதிர்ப்பு வலுக்கவே, 2026 ஜனவரியில் அந்தக் கட்டாயத்திலிருந்து அவரது அரசு பின்வாங்கியது. நமக்கோ இதில் 2010 முதல் அனுபவம் உண்டு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். ஆதார் குடியுரிமைக்கான சான்று அல்ல என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே, 9ஆம் பிரிவில், தெளிவாகக் கூறுகிறது. ஓராண்டில் 182 நாள்கள் இங்கே தங்கியிருப்பவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். அரசின் உதவிகள் உரியவரைச் சென்றடையவே அது உருவாக்கப்பட்டது. எல்லையைக் காப்பதற்காக அல்ல.

இரண்டாவதாக, வேலைக்கு எடுக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? விரல்ரேகையும் கருவிழியும் பதிந்த ஏற்பாடுதான் ஆதார். ஆனால் ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் கேட்பது ஒரு ஜெராக்ஸ் பிரதியை மட்டுமே. 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டத்தில் வங்கதேசத்தவர் ஏறத்தாழ 30 பேரைக் காவல்துறை கைது செய்தபோது, போலி ஆதார் அட்டைகள் சிக்கின. அட்டை கேட்கப்பட்டது, அட்டையும் காட்டப்பட்டது. ஊடுருவல் நிற்கவில்லை.

மறுபுறம், உண்மையான இந்தியர்கள் துன்புற்றதையும் பார்த்தோம். டெல்லியில் பிடிக்கப்பட்ட மேற்கு வங்கக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் 2025 ஜூனில் வங்கதேசத்துக்கு அனுப்பப்பட்டார். அந்த நடவடிக்கையைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. ஆயினும் டிசம்பரில்தான் அவர் திரும்ப முடிந்தது.

அப்படியானால் நோய் எங்கே இருக்கிறது? குறைந்த கூலிக்கு, கேள்வி கேட்காமல் உழைக்கும் ஆளைத் தேடும் ஆசையில் இருக்கிறது. ஆவணமில்லாதவர் கூலி பாக்கி என்று காவல் நிலையம் போக மாட்டார். அடிபட்டால் இழப்பீடு கேட்க மாட்டார். அந்த அச்சமே முதலாளிக்கு இலாபம். அட்டைச் சோதனை அச்சத்தை அதிகரிக்குமே தவிர, இலாபத்தைக் குறைக்காது. தொழிலாளரின் பெயரைப் பதிவு செய்து, சட்டப்படியான கூலியை அவரது வங்கிக் கணக்கில் செலுத்தும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்தினால், சட்டத்துக்குப் புறம்பான வேலைக்கு இடம் குறையும். உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் காக்கப்படும்.

எல்லையைக் காப்பது அரசின் கடமை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் புலம்பெயர்ந்தோரை வரவேற்கவும், பாதுகாக்கவும், மேம்படுத்தவும், ஒருங்கிணைக்கவும் திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டுச் செய்தியில் அழைத்ததையும் நாம் மறக்கலாகாது.

நம்மில் பலர் வீடு கட்டுகிறோம், வாடகைக்கு விடுகிறோம். அடுத்த முறை மேஸ்திரியிடம் "இவர்களுக்கு ஆதார் இருக்கிறதா?" என்று கேட்கும்போது, "இந்த வாரக் கூலி கொடுத்தாயிற்றா?" என்றும் சேர்த்துக் கேட்போமா?