மூடி வைத்த கட்டளை

போலீஸார் எப்போது தடியை ஓங்கலாம், எப்போது துப்பாக்கியை நீட்டலாம் என்பதற்கு மலேசியாவில் எழுதி வைத்த விதிகள் உண்டு. 1967-ம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தின் 97-வது பிரிவின்கீழ் போலீஸ் படைத் தலைவர் பிறப்பிக்கும் நிலையான கட்டளைகளே அவை. ஆனால் அடிபடும் பிரஜை அவற்றைக் கண்ணால் காணலாகாது, அவை இரகசியமாம்! வேதத்தைக் காதாலும் கேட்கத் தகாதவர் என்று நம்மை விலக்கி வைத்த புரோகிதத்துக்கும் இதற்கும் என்ன பேதம்?

போலீஸ்மீது வரும் புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான கமிஷன் வேண்டுமென்று 2005-ல் அரச விசாரணைக் கமிஷன் கூறிற்று. 2023 ஜூலை 1-ந் தேதிதான் ஒன்று உயிர் பெற்றது. அதற்கோ தண்டிக்கும் அதிகாரமில்லை. மேற்படி கட்டளைகளில் அடங்கிய செயல்களை விசாரிக்கவும் உரிமையில்லை. தலைவாசலைத் திறந்து, உள்வாசலைப் பூட்டுவதா நீதி?

"எல்லாம் தலைவிதி" என்று தோட்டத்திலும் பட்டணத்திலும் முடங்கிக் கிடப்போரே! சட்டம் முற்றும் ஊமையன்று. கைதானவர் தப்பியோடாதிருக்கத் தேவையான அளவுக்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தலாகாது என்கிறது குற்ற நடைமுறைச் சட்டத்தின் 19-வது பிரிவு. வாய்மொழிப் புகாரையும் எழுதிக்கொண்டு படித்துக் காட்ட வேண்டும் என்கிறது 107-வது பிரிவு.

ஆகவே, அடிபட்டால் அன்றே டாக்டரிடம் காயத்தைக் காட்டுங்கள். நாள், நேரம், இடம், சாட்சி யாவும் சொல்லிப் புகார் எழுதுவியுங்கள். படித்துக் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். கமிஷனுக்கும் எழுதுங்கள். அது கைவிரிக்குமானால், அதன் பலவீனமேனும் எழுத்தில் பதியும்.

சர்க்காரே, அக்கட்டளைகளை வெளியிடுக! ஒளித்து வைத்த விதி, அடிப்பவருக்கே கேடயம், அடிபடுபவருக்கு அன்று.