யாரைக் கேட்டுத் திரையை மாற்றினாய்?

என் அக்காவுக்குக் கண்பார்வை மங்கல். அவருடைய கணினித் திரையின் இயல்பளவு 1920×1080. அதனை 1280×720 ஆகக் குறைத்து வைத்திருந்தேன். குறைத்தால் எழுத்துகள் பெரிதாகும். ஓரங்கள் சற்று மங்கினாலும் பத்திரிகை வாசிக்க அவருக்கு அது போதும். எழுத்தை மட்டும் பெரிதாக்கும் வசதியும் விண்டோஸில் உண்டு; ஆனால் அவர் பாவிக்கும் பழைய மென்பொருள்கள் சிலவற்றில் அது சரிவருவதில்லை.

கடந்த விடுமுறையில் அவருடைய பேரன் அந்தக் கணினியில் ஏதோ ஒரு பழைய விளையாட்டை விளையாடிவிட்டுப் போனான். மறுநாட் காலையில் தொலைபேசி ஒலித்தது. "தம்பி, என்ர கண் இன்னும் பழுதாப்போச்சுது போல கிடக்கு." குரலில் அச்சம் தெரிந்தது.

கண் பழுதாகவில்லை. விளையாட்டு தன் வசதிக்காகத் திரையளவை மாற்றியிருந்தது. முடிந்ததும் பழைய அளவைத் திருப்பி வைக்காமல், திரையின் உச்ச அளவையே நிரந்தரமாகப் பதிந்துவிட்டுப் போயிருந்தது.

இது அற்ப விடயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த வழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். 1998இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் 640×480 அளவில் இயங்கியது. அதாவது 307,200 புள்ளிகள். 1920×1080 திரையிலோ 2,073,600 புள்ளிகள். ஏறத்தாழ ஏழு மடங்கு. அன்றைய கணினிகளுக்கு அவ்வளவு புள்ளிகளை வேகமாக வரையும் வலு இருக்கவில்லை. அன்றைய குழாய்த் திரைகளும் பல அளவுகளுக்கு இசைந்து கொடுத்தன.

இன்றைய தட்டைத் திரை அப்படியல்ல. அதன் புள்ளிகள் நிலையானவை. வேறு அளவைத் திணித்தால் படம் மங்கும். விகிதமும் மாறினால் வட்டம் நீள்வட்டமாகும். விளையாட்டு தனக்குள்ளே சிறிய அளவில் வரைந்து, அதைத் திரைக்கேற்பப் பெருப்பித்துக் காட்டலாம். புதிய விளையாட்டுகள் பல அப்படித்தான் செய்கின்றன. தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

வேகத்துக்காகத் தாமே அளவைக் குறைத்து விளையாடுவோர் உண்டு. தாராளமாகச் செய்யட்டும், அது அவர்களின் தெரிவு. என் சண்டை, கேளாமல் மாற்றுவதோடும் மாற்றியதைத் திருப்பித் தராததோடும்தான்.

நாமே விண்டோஸ் அமைப்புக்குள் சென்று திரையளவை மாற்றினால் என்ன நடக்கிறது? "இந்த மாற்றம் இருக்கட்டுமா?" என்று அது கேட்கிறது. 15 விநாடிக்குள் நாம் சம்மதிக்காவிட்டால் பழைய நிலைக்கே திரும்புகிறது. கணினியின் சொந்தக்காரருக்கு இத்தனை கேள்வி. விருந்தாளியாக வந்த விளையாட்டுக்கு ஒரு கேள்வியும் இல்லை! தற்காலிகமாக மட்டும் மாற்றும் வழியையும் விண்டோஸ் நிரலாளருக்குத் தந்திருக்கிறது. ஆகவே முடியாது என்ற சாக்கும் செல்லாது.

இரவல் வாங்கிய பொருளை இருந்தபடியே திருப்பிக் கொடுப்பது ஊர் வழக்கம். மென்பொருள் எழுதுவோரிடம் அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. அதுவரை, 1280×720 என்று பெரிய எழுத்தில் எழுதி அக்காவின் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.